'தவறு' என்ற சொல்லுக்குப் பிறகு

எனக்கு ஆட்டிசம் இருப்பது 22 வயதில்தான் உறுதியானது. வேலைக்குப் போகும்முன் எனக்கு என்ன உதவிகள் தேவைப்படும் என்று அறிய, ஓர் உளவியலாளரிடம் இரண்டு நாள் மதிப்பீட்டுக்குச் சென்றேன். திட்டமிடுவது, தொடங்குவது, நினைவில் நிறுத்துவது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது ஆகிய திறன்களை அங்கே சோதித்தார்கள்.

அவற்றுள் விஸ்கான்சின் அட்டைச் சோதனையை நான் மறக்கவில்லை. மேசையில் நான்கு அட்டைகள் இருந்தன: ஒரு சிவப்பு முக்கோணம், இரண்டு பச்சை நட்சத்திரங்கள், மூன்று மஞ்சள் கூட்டல் குறிகள், நான்கு நீல வட்டங்கள். தரப்படும் ஒவ்வோர் அட்டையையும் அவற்றுள் ஒன்றோடு சேர்க்க வேண்டும். நிறத்தைப் பார்ப்பதா, வடிவத்தையா, எண்ணிக்கையையா என்று சொல்லமாட்டார்கள், 'சரி' அல்லது 'தவறு' என்று மட்டும் சொல்வார்கள். நிறம்தான் விதி என்று விரைவில் கண்டுகொண்டேன். தொடர்ந்து பத்து முறை 'சரி' என்றவர், அடுத்த அட்டைக்குத் 'தவறு' என்றார். விதி மாறிவிட்டது என்று அப்போதே எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் என் கை அடுத்த மூன்று அட்டைகளை நிறம் பார்த்தே வைத்தது. பிடிவாதம் என்று சிறுவயதிலிருந்து என்னைச் சொல்லிவந்தவர்கள் அந்த மூன்று அட்டைகளைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் அந்தச் சோதனையில் என் மதிப்பெண் சராசரியை ஒட்டியே வந்தது. அன்றாட வாழ்க்கை பற்றி அம்மா நிரப்பிய வினாத்தாளில்தான் சிக்கல் பெரிதாகத் தெரிந்தது. சாலைப் பணிக்காகப் பேருந்து நிறுத்தத்தை இடம் மாற்றிய அன்று, அறிவிப்பைப் படித்த பிறகும் நாற்பது நிமிடம் பழைய இடத்திலேயே நான் நின்றதை அவர் அதில் எழுதியிருந்தார். அமைதியான அறையில், ஒரே வேலையை, ஒவ்வொரு தடவையும் தவறைச் சுட்டிக்காட்டும் ஒருவர் முன் செய்வது வேறு, தெருவில் நிற்பது வேறு என்று உளவியலாளர் விளக்கியபோது எனக்கு அழுகை வந்தது. சோதனை மதிப்பெண்ணை மட்டும் பார்த்து 'இவருக்கு உதவி தேவையில்லை' என்று எழுதிவிடுவார்களோ என்று அதுவரை அஞ்சியிருந்தேன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருப்பதைக் குறிப்பிட்டு, வேலை சேர்ந்தபோது ஒரு கடிதம் கொடுத்தேன். மாற்றம் எதுவானாலும் முந்தைய நாளே எழுத்தில் தெரிவிக்கும்படியும், பழைய வேலையை எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று குறிப்பிடும்படியும் கேட்டிருந்தேன். இரண்டாவது கோரிக்கைதான் எனக்கு அதிகம் உதவுகிறது, ஏனெனில் புதியதைத் தொடங்குவதைவிடப் பழையதை விடுவதே எனக்குக் கடினம். இப்போதும் ஒரு மாற்றத்துக்கு எனக்கு இருபது நிமிடம் பிடிக்கிறது. அந்த இருபது நிமிடத்தையும் என் மேலாளர் அட்டவணையில் சேர்த்தே எழுதுகிறார்.