ஐந்து, பத்து நிமிடம்தான்

2009-ல் நியூ ஜெர்சி வந்த புதிதில், எடிசனில் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரோடு ஒரு வீட்டில் இருந்தேன். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன டிவி ஹாலில் இருந்தது. ராத்திரி ரசம் கொதிக்கிற நேரத்துக்கு ‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் மறு ஒளிபரப்பு ஓடும். நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள், பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். கவுண்டமணி, செந்திலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் எங்கே சிரிப்பது என்றே பிடிபடவில்லை.

‘தி சைனீஸ் ரெஸ்டாரன்ட்’ எபிசோட் மட்டும் முதல் தடவையே புரிந்துவிட்டது. 1991 மே 23 அன்று என்பிசி சேனலில் வந்தது. கதை இவ்வளவுதான்: ஜெர்ரி, ஜார்ஜ், எலெய்ன் மூவரும் சினிமாவுக்குப் போகும் வழியில் சாப்பிட ஒரு சீன உணவகத்துக்குப் போகிறார்கள். மேசை காலியில்லை. வாசலில் நிற்கிற மேனேஜர் “ஐந்து, பத்து நிமிடம்” என்கிறார். எபிசோட் முடிகிறவரை காத்திருக்கிறார்கள். நமக்கு ஓடுகிற நேரமும் அவர்களுக்கு ஓடுகிற நேரமும் ஒன்றே. வேறு இடம் கிடையாது, அந்த வாசல்தான்.

ஜெர்ரி சைன்ஃபெல்டும் லாரி டேவிடும் எழுதியது. கதையே இல்லையே என்று சேனல்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. மாற்றச் சொன்னால் வேலையை விட்டே போய்விடுவேன் என்று லாரி டேவிட் நின்றாராம். இன்று அந்தத் தொடரின் தலைசிறந்த எபிசோட்களைப் பட்டியலிடுகிறவர்கள் இதை விடுவதில்லை.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஒரு சின்ன இடம். இவர்களுக்குப் பின்னால் ஒருவர் வருகிறார், பெயர் கோஹன். மேனேஜர் முகமெல்லாம் பல்லாக வரவேற்று நேராக உள்ளே அழைத்துப் போய்விடுகிறார். இதென்ன நியாயம் என்று கேட்டால், அவர் எப்போதும் இங்கே வருகிறவர் என்று பதில். அவ்வளவுதான் காரணம். அந்த மேனேஜராக நடித்த ஜேம்ஸ் ஹாங் கோபப்படுவதே இல்லை. மரியாதையாகவே பேசி மணிக்கணக்கில் நிற்க வைக்கக்கூடியவர். அமெரிக்க கவுன்டர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய.

அந்த மாதங்களில் நான் எங்கே போனாலும் எனக்கு முன்னால் ஒரு கோஹன் நின்றார். கிரெடிட் கார்டு கேட்டால் கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்றார்கள். ஹிஸ்டரி வேண்டுமென்றால் கார்டு வேண்டும். ஊரில் கடன் வாங்காதவன் யோக்கியன். இங்கே கடன் வாங்காதவன் யாரென்றே தெரியாதவன். கடைசியில் ஒரு வங்கியில் ஐநூறு டாலரை நானே கட்டி, அதே ஐநூறுக்கு ஒரு கார்டு வாங்கினேன். என் பணத்தை எனக்கே கடனாகக் கொடுத்து, ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறேனா என்று பார்த்தார்கள். வீட்டு வாடகைக்குக் கூடுதல் அட்வான்ஸ், செல்போனுக்கும் டெபாசிட். சரி, இவன் எப்போதும் இங்கேதான் இருக்கிறான் என்று அந்த ஊர் நம்புவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

எலெய்ன் பசி தாங்காமல் செய்வதையும் சொல்ல வேண்டும். தெரியாத ஒரு மேசைக்குப் போய், ஒரு வார்த்தை பேசாமல் தட்டிலிருக்கிற எக் ரோலை எடுத்துத் தின்றுவிட்டு வந்தால் ஐம்பது டாலர் தருகிறேன் என்கிறான் ஜெர்ரி. இவள் போய், வாயசைவது தெரியாமல் பல்லிடுக்கில், ஒரு எக் ரோல் தின்ன விட்டால் பாதிப் பணம் உங்களுக்கு என்று அந்த மேசைக்காரர்களிடம் பேரம் பேசுகிறாள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேனேஜர் கையில் இருபது டாலர் வைத்துப் பார்க்கிறார்கள், அவர் வேறு யாரையோ கூப்பிடுகிறார். இந்த ஊரில் லஞ்சம் கொடுப்பதற்கும் பழக்கம் வேண்டும் போலிருக்கிறது. ஜார்ஜ் தன் தோழியின் போனுக்காகத் தவிக்கிறான். போன் வந்தபோது ‘காஸ்டான்ஸா’ என்ற பெயரை மேனேஜர் ‘கார்ட்ரைட்’ என்று கூவுகிறார், யாரும் எழுந்து வராததால் வைத்துவிடுகிறார். இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கே இந்தக் கதி என்றால், கிளினிக்கில் என் அப்பா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதைப் பற்றி நான் குறைப்பட என்ன இருக்கிறது! இப்போது மகளோடு பார்த்தால், “செல்லில் கூப்பிட வேண்டியதுதானே?” என்கிறாள்.

ஆனால் எங்கள் வட்டத்தில் “ஐந்து, பத்து நிமிடம்” என்றால் கிரீன் கார்டு என்றுதான் பொருள். வேலை வழியாக வருடத்துக்குச் சுமார் 1,40,000 கார்டுகள். எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது பொது விதி. ஐஸ்லாந்துக்கும் அதே உச்சவரம்பு, இந்தியாவுக்கும் அதே. ஆகவே நம்மவர்கள் வரிசை மட்டும் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு தேதி உண்டு, வரிசையில் சேர்ந்த நாள். மாதாமாதம் விசா புல்லட்டின் என்று அரசு அறிவிப்பு வரும். நமக்கு முன்னால் எந்தத் தேதிக்காரர் வரை உள்ளே விட்டார்கள் என்று பார்ப்போம். சில மாதம் தேதி பின்னால் போகும். அந்த மேனேஜர்கூட, கொடுத்த மேசையிலிருந்து யாரையும் எழுப்பிவிடவில்லை. அப்பா அம்மாவோடு குழந்தையாக வந்த பையனுக்கு 21 வயது முடிந்தால், பெரும்பாலும் அவன் தன் குடும்பத்தின் வரிசையிலிருந்தே வெளியே. இதில் சிரிக்க எனக்கு எதுவும் தென்படவில்லை.

எபிசோடின் முடிவு பலருக்கும் தெரியும். பொறுமை போய் மூவரும் வெளியே போகிறார்கள். கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் “சைன்ஃபெல்ட்!” என்று மேனேஜர் கூப்பிடுகிறார்.

என்னோடு எடிசன் வீட்டில் இருந்த நண்பனின் தேதி 2013. வருடக்கணக்காகியும் வரிசை அதுவரை வரவே இல்லை. 2019-ல் வீட்டை விற்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு கனடா போய்விட்டான். 2020 அக்டோபர் புல்லட்டினில் ஈபி-3 என்ற வேலைப் பிரிவின் இந்தியா வரிசையில் கிரீன் கார்டுக்கு இறுதி விண்ணப்பம் போடும் தேதி ஒரே தாவாக 2015 ஜனவரிக்கு வந்தது. கொரோனாவால் குடும்ப விசாக்களில் மிச்சமானவை வேலை வரிசைக்கு வந்து சேர்ந்ததால் நேர்ந்த தாவல் அது. அந்த விண்ணப்பம் போட ஆள் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும்.

அன்று ராத்திரியே போன் செய்தேன். அவன் டொரோன்டோ பக்கம் கராஜில் குளிர்கால டயர் மாட்டிக்கொண்டிருந்தான். “பார்த்தேன்டா” என்றான். அப்புறம் கனடாவில் டயர் என்ன விலை, அமெரிக்காவில் என்ன விலை என்று அரை மணி நேரம் பேசினோம்.