லாரி வந்த பிறகு வந்த நோட்டீஸ்

லிஃப்ட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துக்கொண்டே இறங்கினேன். ‘புதிய போர்வெல் போட ஒப்புதல் பெறும் கூட்டம், ஞாயிறு மாலை 6 மணி.’

கதவு திறந்தால் போர்வெல் லாரி நிற்கிறது. என் ஸ்கூட்டர் சீட் முழுக்கக் கல்மாவு.

செயலாளரைக் கேட்டேன். “இது சும்மா டெஸ்ட் துளை சார், போர்வெல் இல்லை.”

சிரித்துவிட்டேன். 2011இல் ஒபாமா நிர்வாகம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

அமெரிக்காவில் போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு, அதாவது அவர்களுடைய நாடாளுமன்றத்துக்கு. வியட்நாமில் சூடுபட்டு, 1973இல் அதிபர் நிக்சனின் வீட்டோவையும் (மறுப்பு அதிகாரம்) மீறி ஒரு சட்டம் போட்டார்கள். அதிபர் படையைச் சண்டையில் இறக்கினால் 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்குத் தகவல் சொல்லணும். 60 நாளில் ஒப்புதல் வராவிட்டால் நிறுத்தணும்.

லிபியாவில் 2011 மார்ச்சில் அமெரிக்கா குண்டுவீச்சு தொடங்கியது. மே மாதம் கெடு முடிந்தது. விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. கேட்டதற்கு, தரைப்படை இல்லை, அதனால் சட்டம் சொல்கிற ‘சண்டை’யே இது இல்லை என்றார்கள். (கீழே இருந்தவர்களைக் கேட்டிருக்கலாம்.)

சரி, காங்கிரஸ் என்ன செய்தது? ஜூன் 24 அன்று அதன் கீழவையான பிரதிநிதிகள் சபை ஒப்புதல் தீர்மானத்தை 295-123 என்று தோற்கடித்தது. அதே நாளில், செலவுப் பணத்தில் பெரும்பகுதியை வெட்டும் மசோதாவையும் தோற்கடித்தது!

எனக்கு அதிபரைவிட இவர்கள்மேல்தான் எரிச்சல். வேண்டாம் என்றும் சொல்லணும், நிறுத்திய பழியும் வரக்கூடாது.

ஞாயிறு கூட்டத்துக்குப் போகணும். போன கூட்டத்துக்கு வந்தது நாலு பேர். அதில் நான் இல்லை.