சம்பளம் ஒன்று, அடுப்பு இரண்டு

20 அக்டோபர் 2024, ஞாயிறு

அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி 50 சதவீதத்திலிருந்து 53 ஆகிறது, ஜூலை முதலே கணக்கு என்று முந்தாநாள் அறிவித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வனக்காப்பாளர். காரையாறுக்கு மேலே அவர் இருக்கும் முகாமில் சிக்னல் கிடையாது. இன்று கீழே இறங்கி வந்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரியும். அதற்குள் நான் கணக்குப் போட்டு முடித்திருந்தேன். அடிப்படைச் சம்பளம் 20,500. அதில் மூன்று சதவீதம் 615 ரூபாய். மூன்று மாத நிலுவை 1,845. அதிலும் பத்தில் ஒரு பங்கு பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் போய்விடும்.

"ஏளா, குடுக்கும்போதே பிடிச்சிக்கிடுதாங்களா?" என்றார்கள் அத்தை. பீடி சுற்றி பி.எஃப். பிடித்தம் பார்த்தவர்கள்தான், ஆனாலும் அரசாங்கச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதை இன்றைக்கும் நம்ப மாட்டார்கள்.

26 அக்டோபர், சனி

பக்கத்து வீட்டு அக்கா சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "உங்களுக்கென்ன, கவர்மென்ட் சம்பளம்." இந்தத் தெருவில் பாதி வீடுகளில் பீடித் தட்டுதான் அடுப்பெரிக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் அக்கா சொல்வது சரி. நான் மறுப்பதில்லை.

ஆனால் சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்க்கலாம். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து இனி 31,365. மருத்துவப்படி 300 தருகிறார்கள், மருத்துவக் காப்பீட்டுக்கு 300 பிடிக்கிறார்கள், அது நேருக்கு நேர். குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு 110. ஓய்வூதியப் பங்கு 3,137. வீட்டு வாடகைப்படி வரும், வாடகையில் பாதியைக்கூடத் தொடாது. எல்லாம் போக இருபத்தொன்பதாயிரத்தை ஒட்டி நிற்கும். அப்புறம் சொசைட்டிக் கடன் 4,000. தீபாவளி முன்பணம் வாங்கினால் பத்து மாதத்துக்கு ஆயிரம் ஆயிரமாகப் போகும். வட்டி இல்லை என்பதால் வாங்காமல் விடுவதற்கு மனசு வராது.

கையில் நிற்பதை இரண்டு அடுப்புகள் தின்கின்றன. முகாமில் ஆளுக்கு இரண்டாயிரம் போட்டு அரிசி, பருப்பு, கேஸ் வாங்கிக் கொள்கிறார்கள். இங்கே விக்கிரமசிங்கபுரத்தில் நானும் அத்தையும் இரண்டு பிள்ளைகளும். பள்ளிக்கூடத்துக்காகத்தான் இந்த வாடகை வீடு. பெட்ரோல் நூறைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. மலை ஏற்றத்தில் வண்டி அதை எப்படிக் குடிக்கும் என்று பாபநாசம் செக்போஸ்டைத் தாண்டி வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் எனக்கு வராது, அரசு ஊழியர் குடும்பம். அம்பைக்குத் துணி எடுக்கப் போனால் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அந்த மட்டில் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒன்று. லைனிங் ஜாக்கெட் ஒன்று தைக்க 250 வாங்குகிறேன். பால், கேபிள், மாவு மில் எல்லாம் என் மிஷினிலிருந்துதான்.

30 அக்டோபர், புதன்

நாளை தீபாவளி. அவர் வரவில்லை. ஊரெல்லாம் கறி எடுக்கும் நாளில் காட்டுக்குள் வலை, கண்ணி வைப்பவர்களும் கிளம்புவார்கள், ரோந்து கூடுதல்.

பவுன் 59,000-ஐத் தாண்டியது. எங்கள் ஊரில் சம்பளத்தை ரூபாயில் யார் அளக்கிறார்கள்? அவர் 2020 தொடக்கத்தில் 18,200 அடிப்படையில் சேர்ந்தபோது அகவிலைப்படி 17 சதவீதம், மொத்தம் 21,294. பவுன் அப்போது முப்பதாயிரத்தை ஒட்டி. ஒரு மாதச் சம்பளத்துக்கு முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது அரைப் பவுன்தான் தேறும். நடுவில் கொரோனா என்று அகவிலைப்படியை இரண்டு வருஷம் 17-லேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பணம் வராது, விட்டது விட்டதுதான். மகளுக்கு வயசு மூன்று. நகைச்சீட்டில் சேர்ந்துவிட்டேன்.

17 நவம்பர், ஞாயிறு

அவருடன் முகாமில் இருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் வந்திருந்தார். காணிக்காரப் பழங்குடி, மயிலாற்றுப் பக்கம். வரும்போதே ஒரு பை மரச்சீனிக்கிழங்கு. சொதியும் சோறும் போட்டேன். களக்காடு முண்டந்துறையில் புலிக் கணக்கெடுப்பு என்றால் பாதை போடுவது இவர்தான். எச்சத்தைப் பார்த்தே எப்போது போட்டது என்பார். யானை நிற்கிறது என்று மூக்கால் சொல்வார். வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்.

அவருக்குத் தொகுப்பூதியம், பதினைந்தாயிரத்துச் சொச்சம். அகவிலைப்படி கிடையாது, இன்கிரிமென்ட் கிடையாது. இருவரும் நடப்பது ஒரே பாதை, கடிப்பதும் ஒரே அட்டை.

"வாடகை இல்லக்கா, கிழங்கு இருக்கு, மிளகு கொஞ்சம் வரும். அது போதும்னுதான் இருந்தோம். மகள் பாளையங்கோட்டையில காலேஜ் சேர்ந்தா. இப்போ போதல" என்றார்.

காட்டுக்குள் இருக்கும்வரை அந்தப் பணம் நீளும், மகள் பஸ் ஏறியதும் சுருங்கிவிடுகிறது. எங்கள் கதையும் அதுதான். ஆனால் எங்களுக்கு மாதக் கடைசியில் வருவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை அவர் முன்னால் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது.

14 டிசம்பர், சனி

மழை. மலையில் ஊத்து, நாலுமுக்குப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டது. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூடியதை டி.வி.யில் காட்டினார்கள். முகாமிலிருந்து வயர்லெஸ்ஸில் அலுவலகத்துக்கு, அங்கிருந்து எனக்குப் போன்: "எல்லாரும் நல்லா இருக்காங்க." போதும். அரிசி எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பருப்புப்பொடியும் கருவாடும் போன வாரம்தான் கொடுத்துவிட்டேன்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கல் போனஸ் 3,000. பிள்ளைகளின் வேன் பாக்கிக்கும் பனங்கிழங்கு, மஞ்சள்குலை, கரும்புக்கும் சரியாகப் போயிற்று.

2 பிப்ரவரி, ஞாயிறு

இன்கிரிமென்ட் சேர்ந்த முதல் சம்பளம். அடிப்படை 21,100 ஆனது. படியோடு சேர்த்து மாதம் 918 கூடுதல். மகனின் இரண்டாம் டேர்ம் பீஸில் கால்வாசி.

இன்றைக்கு வீட்டில் பேச்சு முழுக்க வனவர் பதவி உயர்வு பற்றித்தான். வனக்காவலர் தொடக்கம் 16,600, வனக்காப்பாளர் 18,200. நடுவில் 1,600 ரூபாய்தான். அதற்கு மேல்படி வனவர், 35,900. ஒரேயடியாக 17,700 தாண்டுகிறது! இன்றைய அகவிலைப்படியோடு பார்த்தால் வனவருக்குக் கிட்டத்தட்ட 55,000. வெளியில் கேட்பவர்கள் "ஃபாரஸ்ட்டா, நல்ல சம்பளமாமே" என்று சொல்வது அந்தப் படியை நினைத்துத்தான். இவருக்கு முன்னால் சீனியர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

"நேரடியா பரீட்சை எழுதேன், டிகிரிதான் இருக்கே" என்றேன். படிக்க நேரம் எங்கே என்றார். தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலை தொடங்கிவிட்டது, கோடை மழை விழும்வரை வாரம் ஒருமுறை இறங்குவதே சந்தேகம். புத்தகத்தை முகாமுக்கே கொடுத்துவிடுகிறேன், சோலார் விளக்கு எரியுமில்லையா என்று கேட்டேன். சிரித்தார். எரியும் என்றும் சொல்லவில்லை, எரியாது என்றும் சொல்லவில்லை.

நாளைக்கு சொசைட்டிக்குப் போக வேண்டும். பாக்கி எட்டுத் தவணை என்று எழுதித் தந்திருக்கிறார்கள், என் நோட்டில் ஏழுதான் இருக்கிறது.