பனி விலகியதும் பஞ்சுருட்டான்

பங்குனி பிறந்தால் வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஏரி வெறிச்சோடினாலும் படமெடுக்க அருமையான காலம் இனிதான். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் குஞ்சு வளர்க்கும்.

நான் முதலில் தேடச் சொல்வது பச்சைப் பஞ்சுருட்டான் என்ற சிறு பறவையை. ஓடைக்கரை மணல் சரிவில் வளை தோண்டிக் குடும்பம் நடத்தும். தட்டானையோ தேனீயையோ பிடித்தால், பெரும்பாலும் பழைய கிளைக்கே திரும்பி, அதில் அடித்துத்தான் தின்னும். அதனால் பறவையைத் துரத்தாதீர்கள். கிளையில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். ஷட்டர் வேகம் 1/3200 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ. அலகில் இரையோடு வளைக்குள் போகாமல் கத்திக்கொண்டே இருந்தால், நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள். உடனே பின்வாங்குங்கள், உள்ளே குஞ்சு பசியோடு கிடக்கும். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

காலை 9 மணிக்கு மேல் படம் கலங்கினால் லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். தரையிலிருந்து எழும் கானல்தான் காரணம். அந்த நேரத்தில் வீட்டு நிழலில் 2 அங்குல ஆழ மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். பக்கத்தில் காய்ந்த குச்சி ஒன்றை நட்டால், கொண்டைக்குருவி முதலில் அதில் வந்து உட்காரும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.