கக்குற பிள்ளையும் கூழ்க் கிண்ணமும்

ஒரு மேசைக்கரண்டி பாலை எடுத்து ஒரு துண்டு மேல ஊத்திப் பாருங்க. உள்ளங்கைக்கு மேல அகலமா பரவி, பாட்டில் பாலே கவுந்த மாதிரி தெரியும். இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன் சாட்ஸ்வர்த் கிளினிக்ல சிஸ்டர் எனக்கு இதைத்தான் முதல்ல செஞ்சு காட்டினாங்க. எங்க பையன், தம்பி, குடிச்சது பூரா வெளிய வந்துடுதுன்னு நான் புலம்பினதுக்கு அவங்க சொன்ன பதில் அவ்வளவுதான். அப்புறம் குழந்தையோட எடையைக் குறிக்கற 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தைத் திறந்து, எடைக்கோட்டை விரலால தடவிக் காட்டினாங்க. கோடு மேல ஏறிட்டே இருந்துச்சு.

கரூர்ல அம்மாவுக்கு இந்தக் கோடெல்லாம் புரியாது. வீடியோ கால்ல பேரன் வாயோரம் தயிர் மாதிரி திரிஞ்சு வழியறதைப் பார்த்துட்டு, "கக்கின பிள்ளை தக்கும் கண்ணு, உடு"ன்னாங்க. அடுத்த வாரமே, "ஏங்கண்ணு, கன்னம் ஒட்டிப்போச்சே, என்னத்தக் குடுக்கற?"ன்னாங்க. ரெண்டையும் ஒரே வாய்தான் சொல்லுச்சு.

விஷயம் ஒண்ணும் பெருசில்ல. உணவுக்குழாய் இரைப்பையில சேர்ற இடத்துல ஒரு தசை வளையம் இருக்கு. சின்னக் குழந்தைக்கு அது இன்னும் இறுகிப் பழகியிருக்காது. குடிக்கறது முழுக்கத் தண்ணியா இருக்கு, நாள்ல பாதி நேரம் படுக்கை வேற. அதனால எதுக்களிக்கும். 4 மாசத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், உட்கார ஆரம்பிச்சதும் குறையும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயசு வாக்குல நின்னே போயிடும். கக்கிட்டுச் சிரிக்கற குழந்தைக்கு மருந்து வேண்டாம், துணிதான் வேணும்.

ஆனா மருந்து சொல்ல ஆள் வராம இருப்பாங்களா? பக்கத்து வீட்டு ஆயா ரூய்போஸ்ங்கற இந்த ஊர்ச் செடியில போடற டீயை ஆறவச்சு பாட்டில்ல குடுக்கச் சொன்னாங்க. இந்த ஊர்ல அது பெரிய நம்பிக்கை. 1968ல அன்னெக்கி தெரான்னு ஒரு அம்மா, அழுதுட்டே இருந்த தன் கைக்குழந்தைக்குப் பால்ல ரூய்போஸ் கலந்து குடுத்து, அது அடங்கினதை ஊருக்கே சொன்னதுல இருந்து வந்த பழக்கம். அந்த டீயில காஃபின் கிடையாது, சரிதான். ஆனா வயிறே ஒரு கைப்பிடி. அதை டீயால நிரப்பினா பால் எங்க போகும்? 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்னு சிஸ்டர் கறாரா சொல்லிட்டாங்க. இன்னொரு பக்கம் அத்தை ஊர்ல இருந்து கிரைப் வாட்டர் குடுத்தனுப்பினாங்க. 1851ல இங்கிலாந்துல வில்லியம் உட்வர்ட் செஞ்ச சரக்கு, கரூர்லயும் இருக்கு, டர்பன் கடையிலயும் இருக்கு. அந்த பாட்டில் இன்னும் சீல் உடைக்காம அலமாரியில நிக்குது.

6 மாசத்துக்கு தட்டம்மை ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் போட்டுட்டு வந்த வாரம் கூழ் ஆரம்பிச்சோம். அம்மா சொன்னபடி கேழ்வரகை ஊறவச்சு, அரைச்சு, வெள்ளைத் துணியில வடிகட்டி, பால் எடுத்துக் காய்ச்சினேன். தண்ணி மாதிரி இருந்தா சீக்கிரம் ஜீரணம் ஆகும்ங்கறது நம்ம ஊர் நினைப்பு. தம்பிக்கு அது உள்ள போன வழியே திரும்பி வந்துச்சு. ஆயா வந்து பார்த்துட்டு, மக்காச்சோள மாவுல குழைய ஒரு கஞ்சி கிண்டினாங்க. கரண்டியைச் சாய்ச்சா ஒழுகக்கூடாது, அதுதான் பக்குவம். 2003ல இருந்து இங்க மக்காச்சோள மாவுல இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்த்தே ஆகணும்னு சட்டம் இருக்கு. அதுக்குப் பிறகு கேழ்வரகையும் அதே கெட்டியில கிண்டினேன். கக்கல் பாதிக்குப் பாதி குறைஞ்சுது. (பாட்டில் பால்ல மாவைக் கலந்து கெட்டியாக்கறது வேற சமாச்சாரம். டாக்டர் சொல்லாம அதைச் செய்யாதீங்க.)

ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்தினப்போ ஆயா அந்தப் புளிச்ச கூழையும் ஒரு சொட்டு நாக்குல வைக்கப் பார்த்தாங்க. அம்மன் பிரசாதம்னாலும் உப்பும் வெங்காயமும் போட்டது. நான் வாங்கிக் குடிச்சிட்டேன்.

முதல் நாட்கள்ல வச்சதையெல்லாம் நாக்கு வெளிய தள்ளும். பிடிக்கலைன்னு அர்த்தம் இல்ல, உறிஞ்சியே பழகின நாக்குக்கு அது மட்டும்தான் தெரியும். அப்புறம் ஓக்காளம். கெட்டிச் சாப்பாடு நாக்குல கொஞ்சம் பின்னால போனா முகம் செவந்து, கண்ணுல தண்ணி வந்து, நாக்கை நீட்டி 'ஊக்'ன்னு ஒரு சத்தம். எங்க மாமியார் உடனே வாய்க்குள்ள விரலை விடப் போவாங்க. கையைப் பிடிச்சு நிறுத்தறதே எனக்கு வேலையாப் போச்சு. சத்தம் வந்தா காத்து போகுதுன்னு அர்த்தம், அவனே சரி பண்ணிக்குவான். சத்தமே இல்லாம, உதடு நீலம் பூத்தாத்தான் ஆபத்து. அப்போ தலை தாழ்ந்திருக்க முன்கையில குப்புறப் போட்டு முதுகுல 5 தட்டு, திருப்பி நெஞ்சுல 5 அமுக்கு. இதைச் சாப்பாடு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வீட்ல எல்லாரும் கத்துக்கணும்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

எங்களுக்கு ஒத்துவந்த வழக்கம் இதுதான். பால் குடிச்ச கையோட ஊட்டாம கொஞ்ச நேரம் விட்டு ரெண்டு மூணு ஸ்பூன். நேரா உட்கார வச்சு ஊட்டி, முடிஞ்சும் ஒரு அரைமணி நேரம் படுக்கப் போடாம இடுப்புலயே வச்சிருப்பேன். தலையைத் திருப்பிட்டா கிண்ணத்தை மூடிடுவேன். ஜன்னல்ல காக்கா காட்டி, போன் காட்டி, கடைசி வாயைத் திணிக்கற கலைக்கு எங்க வீட்ல தடை. இங்க காக்காவும் வேண்டியதில்ல, குரங்கே வரும். வாழைப்பழம் மசிச்சிட்டு இருந்தப்போ ஒண்ணு ஜன்னல் வழியா கை விட்டு மீதிப் பழத்தை எடுத்துட்டுப் போயிடுச்சு. தம்பி அன்னைக்குத்தான் வாயை நல்லாத் திறந்தான்.

வாந்தி பச்சையா வந்தாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ, பீச்சி அடிச்சாலோ, நனையற டயப்பர் குறைஞ்சாலோ, துவண்டு கிடந்தாலோ யார் பேச்சையும் கேட்டு உட்காராதீங்க, நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க. எடைக்கோடு படுத்தாலும் காட்டணும்.

இப்போ முட்டை, பருப்பு, அவகாடோ எல்லாம் இறங்குது. இந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் விரும்பித் திங்கற பட்டர்நட் பூசணியை மட்டும் எங்காளு இன்னும் என் புடவை மேலதான் துப்பறான்.