அப்பாவுக்குக் கூத்து விட்டோம்

செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் வயதானவர் ஒருவர் இறந்துபோனால், கரும காரியத்துக்கு முந்தின ராத்திரி ‘கர்ண மோட்சம்’ கூத்து விடுவார்கள். கடன் வாங்கியாவது விடுகிற குடும்பங்கள் உண்டு. வாசலில் பந்தல், இறந்தவர் படத்துக்கு மாலை, ஒரு விளக்கு. கர்ணனுக்குக் கிடைத்த மோட்சம் நம் வீட்டு மனிதருக்கும் கிடைக்கட்டும் என்பது நம்பிக்கை. போன வருஷம் என் அப்பாவுக்கு விட்டோம்.

சொந்தத்தில் சிலர் வேண்டாம் என்றார்கள். இந்தக் காலத்தில் யார் விடிய விடிய உட்காரப் போகிறார்கள், அந்தப் பணத்தைச் சாப்பாட்டில் போடலாம், ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு போட்டால் போதாதா என்றார்கள். அண்ணன்கூடக் கொஞ்சம் தடுமாறினான். அம்மா மசியவில்லை. மறுநாளே சித்தப்பா வெற்றிலை பாக்கோடு போய், கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

பொழுது சாயும்போதே ஜமா, அதாவது கூத்துக் குழு, வந்து இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து வேஷம் கட்ட உட்கார்ந்தார்கள். நான் தண்ணீர்ச் சொம்போடு போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொள்கிறார்கள். யாரும் அதிகம் பேசுவதில்லை. குந்தி வேஷக்காரர் பகலில் டிராக்டர் ஓட்டுகிறவர். புருவம் தீட்டிய பிறகு அவருடைய குரலே கொஞ்சம் இறங்கிப்போனது போல எனக்குப் பட்டது. கர்ணனுடைய கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கீர்த்தியும் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்தவை. லேசான மரம்தான். ஆனாலும் மார்புப் பதக்கம், விரிந்த பாவாடை, சலங்கை என்று எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாடிக்கொண்டே சுழன்று ஆடி விடியவரை நிற்க வேண்டும். அந்த உடம்புக்குள் எவ்வளவு பயிற்சி இருக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

பத்து மணிக்கு மேல் மத்தளமும் தாளமும் சேர்ந்து முழங்கி, ஆட்டத்துக்கு முன்னால் களரி கட்டின. முகவீணைக் குழல் எழுந்ததும் தெருக்கோடியிலிருந்துகூட ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கதையை நடத்திக்கொண்டே கேலி பேசும் கட்டியக்காரன் வந்து சிரிக்க வைத்தான். துக்க வீட்டில் எப்படிச் சிரிப்பது என்று யாரும் கூச்சப்படவில்லை. அப்பாவின் பெயரை இழுத்து இழுத்துச் சொல்லி, அவர் ஏரிக்கரையில் மாட்டைத் தேடி அலைந்த கதையைக் கதைக்கு நடுவே நுழைத்தபோது அம்மாவே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எங்களிடம் சாயங்காலமே கேட்டு வைத்திருக்கிறார்!

நடுநிசிக்கு மேல் பொன்னுருவி. பதினேழாம் நாள் போருக்குப் போகும் கர்ணன் மனைவியிடம் விடைபெற வருகிறான். அவளோ ராஜகுமாரி. தேரோட்டி வளர்த்த பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அவனை ஏசுகிறாள். பிறப்பு, குலம் என்று சொல்லிச் சொல்லிக் குத்துகிறாள். கர்ணன் தன் பிறப்பைச் சொல்லும் இடத்தில் பந்தலில் அப்படி ஒரு அமைதி.

எங்கள் ஊரில் ஊர்த்தெரு வேறு, காலனி வேறு. அன்றைக்கும் காலனிக்காரர்கள் ரோட்டோரமாகத் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். பிறப்பை வைத்து ஒருவனை அவமானப்படுத்துவது எப்பேர்ப்பட்ட கொடுமை என்று ஊரே கண்கலங்கிக் கேட்கிறது. கேட்டுவிட்டு விடிந்ததும் பழையபடி நடந்துகொள்கிறது. இதை எண்ணி எனக்குக் கோபம் வருகிறது. கூத்து ஊரைத் திருத்திவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கேள்வியை நடுத்தெருவில், மைக்கில், சாவு வீட்டின் முன்னால் உரக்கக் கேட்க எங்கள் ஊரில் வேறு இடமே இல்லை. பஞ்சாயத்துக் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு ராத்திரியாவது எல்லோரும் கர்ணன் பக்கம் நிற்கிறார்கள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

பிறகு தேர் அழுந்துகிறது. கிருஷ்ணன் வேதியர் வேஷத்தில் வந்து, செய்த புண்ணியத்தையெல்லாம் கேட்கிறான். கர்ணன் ரத்தத்தைத் தாரை வார்த்துக் கொடுக்கிறான். என்ன வரம் வேண்டும் என்று கேட்டால், இன்னும் எத்தனை பிறவி எடுத்தாலும் இல்லை என்று கேட்பவருக்கு இல்லை என்று சொல்லாத மனசு வேண்டும் என்கிறான். வில்லிபாரதத்தில் உள்ளதுதான். அரிசி கேட்டு வந்தவரை அப்பா வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்று என் பின்னால் ஒரு பாட்டி சொன்னது காதில் விழுந்தது.

குந்தி வந்தாள். விழுந்து கிடந்த மகனை மடியில் போட்டு, இத்தனை காலம் ஊரறியச் சொல்லாததைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். என் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் வரப்புத் தகராறில் பல வருஷமாகப் பேச்சு இல்லை. எடுக்கும் அன்றைக்கு வந்தவர், ஓரமாக நின்றுவிட்டுப் போய்விட்டார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கூத்து ராத்திரி முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். கூடப் பிறந்தவன் என்று தெரியாமலே கொன்றாயே என்று குந்தி அர்ச்சுனனைப் பார்த்து அழுதபோது, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு பெரியப்பா குலுங்கினார். யாரும் அவரைத் தேற்றப் போகவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

கலை சமூகத்துக்கு என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எங்கள் ஆண்களுக்கு அழத் தெரியாது, சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. கூத்து அவர்களுக்குக் கர்ணனைக் கொடுக்கிறது.

நகரத்துக்காரர்களும் இதன் வலிமையைக் கண்டிருக்கிறார்கள். கூத்து வாத்தியார் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்து எழுத்தாளர் ந. முத்துசாமியை அப்படி உலுக்கியது. 1977-ல் அவர் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். காஞ்சிபுரத்தில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் 1990-ல் மற்றவர்களோடு சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார். இந்தக் கூத்தைத்தான் கட்டைக்கூத்து என்றும் சொல்வார்கள். 2002-லிருந்து குருகுலம் வைத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக் கொடுத்தார்கள், பெண் பிள்ளைகளுக்கும். ஆண்களே குந்தியும் திரௌபதியும் கட்டி வந்த களரியில் பெண்கள் கிரீடம் வைத்து ஆடியது பெரிய காரியம். அந்தக் குருகுலம் 2020-ல் மூடப்பட்டது எனக்கு இன்னும் வருத்தம்.

பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். மற்ற மாதங்களில் பல ஜமாக்களுக்குக் கரும காரியக் கூத்துதான் சோறு. சாப்பாட்டில் போடலாம் என்று நாம் மிச்சம் பிடிக்கும் பணம் யாருடைய சாப்பாடு என்பதை யோசிக்க வேண்டும்.

காரியம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா அண்ணனைக் கூப்பிட்டாள். “எனக்கும் கூத்து உடணும்டா. இதே வாத்தியாரைச் சொல்லு. பொன்னுருவிக்குப் பொம்பளப் புள்ள யாராச்சும் ஆடுனா இன்னும் நல்லது, கேட்டுப் பாரு” என்றாள். அண்ணன் சரி என்றான்.