பாட்டுக்கு நடுவே இருப்பதைக் காப்பாற்றும் வேலை

பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் வேலையில், கடையில் விற்ற ஒலிநாடாக்கள் அதிகம் வருவதில்லை. வருபவை பெரும்பாலும் பதினான்கு, பதினாறு வயதில் யாரோ ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து பிடித்தவை. அட்டையில் கலர் பேனாவால் எழுதிய பாட்டுப் பட்டியல் இருக்கும், அடித்துத் திருத்தியிருக்கும், ஓரத்தில் ஒரு பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். உள்ளே உள்ள பாட்டெல்லாம் இன்று கைபேசியில் உடனே கிடைக்கும், இதைவிடப் பல மடங்கு தெளிவாக. அப்படியும் கொண்டுவருகிறார்கள் என்றால் அவர்களுக்கு வேண்டியது பாட்டு இல்லை. பாட்டின் தலையில் ஒட்டிக்கொண்ட அறிவிப்பாளரின் அரை வாக்கியம், நடுவில் கேட்ட கதவுச் சத்தம், “சத்தம் போடாதே, ரிக்கார்டு ஆகுது” என்ற அதட்டல்: இவைதான் வேண்டும். இது புரியாமல் எடுத்த எடுப்பில் இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் திறப்பவர் வேலையைக் கெடுத்துவிடுவார்.

கேசட் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் முதுகு. அங்கே இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே பதிவு செய்ய முடியாது. பதின்வயதுக் கேசட்டுகளில் பெரும்பாலும் நேர்மாறான நிலைமைதான். வீட்டில் பெரியவர்கள் வாங்கிவைத்த கேசட்டை எடுத்து, உடைந்த குழியில் காகிதத்தைத் திணித்தோ மேலே செல்லோடேப் ஒட்டியோ பதிவு செய்திருப்பார்கள். அந்தச் செல்லோடேப்பை உரித்துக் குழியைச் சுத்தம் செய்த பிறகுதான் கேசட், அதை ஓட்டும் கருவியான டெக்கிற்குள் போக வேண்டும். இப்படி மேலெழுதிய கேசட்டில் கடைசிப் பாட்டு முடிந்ததும் பழைய பதிவு தலைநீட்டும். காதல் பாட்டு நின்ற இடத்தில் மொழிப் பயிற்சி வகுப்பு தொடங்கும். வெட்டிவிடக் கூடாது, வாடிக்கையாளர் முதலில் சிரிப்பது அந்த இடத்தில்தான்.

அடுத்து நாடாவை அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துண்டு. கேசட்டின் வாய்ப்பகுதியில், மெல்லிய உலோகப் பட்டையின் மேல் ஒட்டியிருக்கும். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் நாடா ஹெட்டில், அதாவது ஒலியைப் படிக்கும் முனையில், அழுந்தாது, ஒலி மங்கும், விட்டுவிட்டுக் கேட்கும். நாடாவே கெட்டுவிட்டதாகப் பலர் தூக்கியெறிவது இதனால்தான். உதவாத இன்னொரு கேசட்டிலிருந்து பட்டையோடு எடுத்து மாற்றினால் முடிந்தது. திருகாணி போட்ட கூடு என்றால் ஐந்து திருகில் திறந்துவிடலாம். ஒட்டிய கூட்டை விளிம்புக் கோட்டில் கத்தி வைத்துப் பிளந்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டியதுதான். அறுந்த நாடாவை ஒட்ட அதற்கென்றே உள்ள ஒட்டுப்பட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும், அதுவும் ஹெட்டைத் தொடாத உள்பக்கத்தில். செல்லோடேப்பின் பசை நாளடைவில் கசிந்து பக்கத்துச் சுற்றையும் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளைப் பொடியாகப் பூஞ்சை தெரிந்தால் தனி உறையில் போட்டு ஒதுக்கிவிடுங்கள். நல்ல டெக்கில் ஏற்றவே கூடாது.

நாடாவின் கனம் கேசட்டின் நீளத்தைப் பொறுத்தது. 60 நிமிடக் கேசட்டில் ஏறக்குறைய 18 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 90-இல் 12, 120-இல் வெறும் 9. காசு மிச்சம் என்று பிள்ளைகள் 120-ஐத் தேடிப் பிடித்தார்கள். நாடாவை இழுக்கும் ரப்பர் ரோலரில் முதலில் சுற்றிக்கொள்வதும், இழுபட்டு நீள்வதும் அதுதான். எந்த நீளமானாலும் இயக்கும் முன் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்ற வேண்டும். வருடக்கணக்கில் ஒரே நிலையில் இருந்த நாடாவின் இறுக்கம் சீராகும்; பக்கத்துச் சுற்றுகளிலிருந்து பதிந்த மெல்லிய எதிரொலியும் சற்றுக் குறையும். பென்சிலை விட்டுச் சுற்றுவது தொங்கும் நாடாவை உள்ளே இழுக்க மட்டும் போதும்.

ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் ஹெட்டையும், ரோலரோடு சேர்ந்து நாடாவை இழுக்கும் உலோக அச்சையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். ரப்பர் ரோலருக்கு மிதமான சோப்புத் தண்ணீரே போதும். ஆல்கஹால் சில ரப்பரை வறளச் செய்யும்.

இனி, அலட்சியப்படுத்தவே கூடாத வேலை: ஹெட்டின் கோணம். ஹெட்டில் உள்ள நுண்ணிய இடைவெளி, நாடா ஓடும் திசைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். நாடாவின் அகலமே 3.81 மில்லிமீட்டர், வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். இவ்வளவு மெதுவாக ஓடும் நாடாவில் கோணம் மயிரிழை பிசகினாலும் உச்ச ஒலிகள், அதாவது கூர்மையான மேல்சுருதி ஒலிகள், போய்விடும். வீட்டு ரிக்கார்டர்களின் ஹெட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆகவே டெக்கைச் ‘சரியாக’ வைத்துப் பயனில்லை. அந்தக் கேசட் எந்தத் தப்பில் பதிவானதோ அதே தப்புக்கு நம் டெக்கைக் கொண்டுபோக வேண்டும். இடது, வலது என்ற இரண்டு சேனலையும் ஒரே ஒலியாக, மோனோவாகச் சேர்த்து, ஹெட்டின் பக்கத்துத் திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே ‘ஸ’ ஒலியும் தாளச் சத்தமும் எங்கே பளிச்சென்று வருகின்றன என்று கேட்க வேண்டும். நண்பன் வீட்டு மெஷினில் பாதி, தன் வீட்டில் பாதி என்று பிடித்த கேசட்டில் பாட்டுக்குப் பாட்டு கோணம் மாறும். அங்கே நிறுத்தி, திருத்தி, மறுபடி ஓட்டுவதைத் தவிரக் குறுக்குவழி கிடையாது. ஆனால் இரட்டைக் கேசட் மெஷினில் நகலெடுத்தபோதே தொலைந்த உச்ச ஒலியை எந்தத் திருகாலும் மீட்க முடியாது.

நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானைப் பற்றிய முடிவு கோணத்தைச் சரிசெய்த பிறகுதான். டால்பி பி, பதியும்போது மெல்லிய உச்ச ஒலிகளைச் சுமார் 10 டெசிபெல் வரை தூக்கிவைத்து, கேட்கும்போது அதே அளவு இறக்கும். உச்ச ஒலி குறைந்து வந்தால் அது தேவைக்கு மேல் இறக்கி, போர்வைக்குள் பாடுவதுபோல் ஆக்கிவிடும். டால்பியோடு பதிந்ததை டால்பி இல்லாத சின்ன பிளேயரில் கேட்டு, அந்தக் கூடுதல் பளபளப்பே நல்ல ஒலி என்று வளர்ந்த தலைமுறையும் உண்டு.

உள்ளே மைக் வைத்த சின்ன ரிக்கார்டர்களில் ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் சுற்று இருந்தது. பாட்டு முழங்கும்போது அளவை அழுத்திப் பிடிக்கும். பாட்டு ஓய்ந்ததும் ஒன்றிரண்டு நொடியில் மெல்ல உயர்த்தும். அதனால்தான் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மின்விசிறியும், தெருவில் போன வண்டியும், அடுத்த அறைப் பேச்சும் தாமாக மேலெழுந்து கேட்கின்றன. இரைச்சல் நீக்கும் மென்பொருள் இந்த இடைவெளியைத்தான் ‘இரைச்சலின் மாதிரி’ என்று எடுத்துக்கொள்ளும். அதாவது, வாடிக்கையாளர் தேடிவந்ததையே முதலில் துடைக்கும். சொடக்குச் சத்தங்களும் அப்படித்தான். பதிவை இடையில் நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனை விட்டதும் நாடா வேகம் பிடிப்பதற்குள் ‘உய்ங்’ என்று ஒரு இழுப்பு வரும். அதை வெட்டினால் அடுத்த பாட்டுக்கு மனம் தயாராகும் கணமே போய்விடும். பக்கம் தீர்ந்து பாதியில் அறுந்த பாட்டை வேறு இடத்திலிருந்து எடுத்து முழுமையாக்கித் தருவதும் வீண் உபகாரம்.

வேகம் மட்டும் உண்மையான சங்கடம். பேட்டரி தீரத் தீர மோட்டார் மெதுவாகும்; மெதுவாகப் பதிந்தது, சரியான டெக்கில் வேகமாகவும் கீச்சென்றும் ஒலிக்கும். வெளியான பதிப்பில் 4 நிமிடம் 30 நொடி உள்ள பாட்டு கேசட்டில் 4 நிமிடம் 18 நொடியில் முடிந்தால், அந்தப் பகுதியை 270-ஐ 258-ஆல் வகுத்த அளவுக்கு, ஏறக்குறைய 4.65 விழுக்காடு, நீட்ட வேண்டும். சுருதியும் கூடவே இறங்க வேண்டும் என்பதால் சுருதியை மாற்றாமல் நீட்டும் வசதி இங்கே உதவாது. ஒரே பாட்டுக்குள்ளும் வேகம் சரிந்திருக்கும். தொடக்கம், நடு, கடைசி என்று தனித்தனியாக அளக்க வேண்டும். திருத்தாத கோப்பையும் சேர்த்தே கொடுப்பது நல்லது. புதுப் பேட்டரி போட்டு அந்தக் கீச்சுக் குரலிலேயே வருடக்கணக்கில் கேட்டவருக்குத் திருத்தியதுதான் அந்நியமாகத் தோன்றும்.

பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. உச்ச அளவு -6 டெசிபெல்லைத் தாண்டாமல். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி ஆகும். ஒரு பக்கத்துக்கு ஒரே கோப்பு. பாட்டு வாரியாக நறுக்காமல், எந்தப் பாட்டு எந்த நிமிடத்தில் என்று குறித்துத் தந்தால் போதும். அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். உள்பக்கத்தில்தான் பெரும்பாலும் தேதியும் சண்டையும் சமாதானமும் எழுதியிருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு, வீட்டில் கிடக்கும் பழைய பிளேயரில் ஆசைக்கு ஒருமுறை போட்டுக் கேட்கலாமா என்பார்கள். பல வருடம் ஓடாத மெஷினில் பெல்ட் உருகிக் கரும்பிசினாகியிருக்கும், ரோலர் இறுகியிருக்கும். இரண்டையும் மாற்றி, உதவாத கேசட் ஒன்றை இரு பக்கமும் ஓட்டி, நாடா மடங்காமல் வருவதைப் பார்த்த பிறகு தாராளமாகப் போடலாம். முதுகில் உள்ள அந்த இரண்டு துண்டுகளும் உடைந்திருக்க வேண்டும்.